ஐந்தாவது வட்டம்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில், வேலூர் சாலையை ஒட்டி மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. மனு எழுதிக் கொடுப்பவர்களையும் ஜெராக்ஸ் கடையையும் டீக்கடையையும் தாண்டினால், மர நிழலில் நாலைந்து பேர் எந்நேரமும் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். மனு கொடுக்க வந்தவர்கள் இல்லை, ‘குரூப் ஃபோர்’ எழுதுகிறவர்கள். உள்ளே இருக்கிற நாற்காலிகளில் ஒன்றில் என்றைக்காவது உட்கார வேண்டும் என்பது கணக்கு. அதுவரை வெளியே இந்தத் திண்டு. ஒருத்தி கேட்பாள், மற்றவர்கள் சொல்வார்கள்.

“ஸ்டேட் ஃப்ளவர்?”

“செங்காந்தள்.”

“பட்டாம்பூச்சி?”

“தமிழ் மறவன். ரெண்டாயிரத்துப் பத்தொம்பது.”

“ஏசியன் கேம்ஸ்ல கபடி எப்ப சேந்துச்சு?”

“தொண்ணூறு. பெய்ஜிங்.”

“அடிமுடி தேடும்போது பிரம்மா எடுத்த உருவம்?”

“அன்னம். ஆனா இது சிலபஸ்ல இல்லடி.”

“ஊர்க் கேள்விடி. சும்மா கேட்டேன்.”

கையில் வாங்கிய டீ ஆறுவதற்குள் பூ, பூச்சி, விளையாட்டு, புராணம் என்று நாலு உலகம் கடந்து போய்விடும். பின்னால் டீக்கடை ஸ்பீக்கரில் இளையராஜா ஓடிக்கொண்டிருப்பார். அவரைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை.

இதற்கெல்லாம் சேர்த்துப் பொது அறிவு என்று பெயர். ‘அறிவு’ புரிகிறது. ‘பொது’தான் எனக்குப் பல வருஷமாக இடறுகிறது. யாருக்குப் பொது? காந்தளும் கபடியும் அன்னமும் ஒரே பைக்குள் எப்படி வந்தன? பையைத் தைத்தது யார்?

இன்றைக்குத் தமிழ்நாட்டில் அந்தப் பையின் வாயை இறுக்கிப் பிடித்திருப்பது அரசுப் பணியாளர் தேர்வாணையம். 1929-இல் சென்னை மாகாணத்துக்கென்று அது தொடங்கியபோது, மாகாண அளவில் இந்தியாவிலேயே முதல் தேர்வாணையம் அதுதான். குரூப் நான்கில் மூன்று மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழுக்கு 100 கேள்வி, பொது அறிவுக்கு 75, கணக்கு வகையறாவுக்கு 25. 2025 ஜூலை 12 அன்று நடந்த தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் பதின்மூன்று லட்சத்துக்கும் மேல். அந்தக் கணக்கில் ஒரு நாற்காலிக்கு முந்நூறு பேருக்குக் குறையாமல் நிற்கிறார்கள். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், ஆகவே செங்காந்தளின் விலை ஒன்றரை.

விடைத்தாளில் ஒரு சமாசாரம் எனக்கு மிகவும் பிடிக்கும். நாலு விடைக்கு நாலு வட்டம் இருப்பது ஊருக்கே தெரியும். 2020-க்குப் பிறகு ஐந்தாவதாக ஒரு வட்டமும் வந்திருக்கிறது: ‘விடை தெரியவில்லை’. தெரியாத கேள்வியைக் காலியாக விட்டுவிட்டு வர முடியாது. தெரியவில்லை என்பதையும் கறுப்பு மையால் நிரப்பிவிட்டுத்தான் எழுந்து வர வேண்டும். காலி வட்டத்தைப் பின்னால் வேறொரு கை நிரப்பிவிடக் கூடாதே என்ற முன்னெச்சரிக்கை. வந்த காரணம் எதுவானாலும், தெரியாது என்பதை எழுத்துபூர்வமாக ஒப்புக்கொள்ள நம் ஊரில் இப்படியொரு இடம் கிடைத்தது பெரிய விஷயம். டீக்கடையில் அந்த வட்டத்தை நிரப்பிய ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

நானும் ஒரு காலத்தில் இதே மாதிரி உட்கார்ந்தவன்தான். நான் போன பயிற்சி வகுப்பில் ஒருநாள் அண்ணாமலையின் உயரம் கேட்டார்கள். என் புத்தகத்தில் 2,668 அடி, பக்கத்தில் இருந்தவன் புத்தகத்தில் 2,682 அடி. ஜன்னலுக்கு வெளியே மலை நின்றுகொண்டிருந்தது. நாங்கள் வாத்தியாரைப் பார்த்தோம், வாத்தியார் இரண்டு புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தார். “எது புதுப் பதிப்போ அதை எழுதுங்க” என்றார். மலையை அந்த அறையில் ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பொது அறிவைத் தொகுக்கும் ஆசை தமிழுக்குப் புதிதில்லை. ஆயிரம் ஆண்டு பழைய திவாகர நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளாகப் பிரிகிறது. முதல் தொகுதி தெய்வப் பெயர். அடுத்து மக்கள், விலங்கு, மரம், இடம் என்று போய், பத்தாவது ஒலி பற்றிய பெயர்த் தொகுதி. பன்னிரண்டாவது, பல பொருள் கூட்டத்து ஒரு பெயர்: மூன்று என்றால் எவை, ஐந்து என்றால் எவை, எட்டு என்றால் எவை என்று எண்ணிக்கையில் கட்டிய மூட்டை. இன்றைய கைடுகளில் ‘நினைவில் கொள்க’ என்று கட்டம் கட்டிப் போடுகிறார்களே, அதன் கொள்ளுத்தாத்தா. மனப்பாடம் செய்யத் தோதாகச் சூத்திரத்தில் எழுதியதும் அதற்காகத்தான். குரூப் ஃபோர் பிள்ளைகளைக் ‘கடம் அடிக்கிறார்கள்’ என்று கேலி செய்கிறவர்கள், நம் அகராதிகளே கடம் அடிப்பதற்குப் பிறந்தவை என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

அச்சு வந்த பிறகு சூத்திரம் போய் அகரவரிசை வந்தது. யாழ்ப்பாணத்தில் முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசம் 1902. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910, மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. சிந்தாமணியை எங்கே திறந்தாலும் தேவரும் அசுரரும் மூலிகையும் மன்னரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். அகரவரிசைக்குச் சாதி, குலம், கோத்திரம் கிடையாது. எழுத்து ஒன்றானால் பந்தி ஒன்று. பிறகு தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம், 1954 தொடங்கிப் பத்துத் தொகுதிகள். அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன் கீர்த்தனைகள் எழுதியவர். கச்சேரி மேடைகளில் இன்றும் அவரைப் பாடுகிறார்கள். பகலில் அணுவுக்கும் ஆமைக்கும் கட்டுரை திருத்திவிட்டு மாலையில் முருகனைப் பாடிய அந்த மனிதருக்குள், நான் மேலே கேட்ட கேள்வி எழுந்திருக்கவே வாய்ப்பில்லை. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா வந்தது. தொகுப்பவர் யார், படிப்பவர் யார் என்ற கோடு அழிந்தது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. ஒரு பொருளை அது இருந்த இடத்திலிருந்து எடுத்துத் தலைப்புக்குள் வைக்கின்றன. பூ பூக்களோடு போய்விடும், பறை பறைகளோடு போய்விடும். தேடுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அறிவதற்கு இது போதுமா என்பதில்தான் எனக்குத் தகராறு.

ஏனென்றால் இதற்கும் முந்தைய ஏற்பாடு ஒன்று நம்மிடம் இருந்தது. தொல்காப்பியம் கருப்பொருள் என்று ஒரு பட்டியல் சொல்கிறது: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். இதில் புராணம் இருக்கிறது, இயற்கை இருக்கிறது, இசை இருக்கிறது. ஆனால் அடுக்குவது தலைப்பு வாரியாக இல்லை, நில வாரியாக. குறிஞ்சி என்றால் அதற்கு ஒரு கடவுள், ஒரு பறை, ஒரு யாழ், ஒரு பறவை, ஒரு சாப்பாடு. ஒன்றைச் சொன்னால் மற்றவை கூடவே வந்துவிடும். பறையை மட்டும் தெரிந்து பறவையைத் தெரியாதவன் அந்த நிலத்துக்காரனே இல்லை.

இந்த ஏற்பாடு நடைமுறையில் எப்படி வேலை செய்தது என்று பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். திருவண்ணாமலையிலிருந்து மேற்கே முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் செங்கம். சங்க காலத்தில் செங்கண்மா. அதை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது மலைபடுகடாம், 583 அடி, பத்துப்பாட்டில் ஒன்று. செங்கம் ரிஷபேஸ்வரர் கோயில் கல்வெட்டுப் பாட்டொன்றில்கூட நன்னனும் அவன் மலையும் வருகிறார்கள். நன்னனிடம் பரிசு வாங்கிக்கொண்டு திரும்புகிற கூத்தன், எதிரே வருகிற கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். பாட்டு முழுக்க அந்த வழி சொல்லல்தான், அதாவது ஆற்றுப்படை. என்னைக் கேட்டால், இந்த மாவட்டத்தின் முதல் பொது அறிவு நூல் அது.

எடுத்த எடுப்பில் இசைக்கருவிகள் வருகின்றன. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, யானை மூச்சு விடுவது போல ஒலிக்கும் தூம்பு, குறுந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை. எல்லாவற்றையும் பையில் கட்டித் தோளில் தொங்கவிட்டு நடக்கிறார்கள். மழைக்காலத்தில் பலாமரத்தில் கொத்தாகக் காய் தொங்குகிற மாதிரி இருக்கிறதாம். கூத்துக் குழு லாரி ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை உடனே புரியும். இந்த மாவட்டத்தில் அந்தக் காட்சிக்குப் பஞ்சமில்லை. செய்யாறு பக்கத்துப் புரிசை, தெருக்கூத்துக்கு இன்றைக்கும் பேர்போன ஊர். பாரதக் கூத்து நடக்கிற ஊர்களில் அர்ச்சுனன் தபசும் துரியோதனன் படுகளமும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு மகாபாரதத்தில் யார் எவருக்கு என்ன உறவு என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் வழி. எந்த இடத்தில் பாறை வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், எந்த ஊரில் தினைச்சோறு போடுவார்கள், எந்த இடத்தில் நின்று கடவுளைக் கும்பிட வேண்டும், எங்கே நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. பரிசு வாங்கியவன் தனக்குத் தெரிந்ததை அடுத்தவனுக்குச் சொல்லிவிட்டுப் போகிறான். நவிரமலையில் உறைகிற, நஞ்சு உண்ட கடவுளும் இந்த வழிக்குறிப்பில் ஒரு குறிப்பாக வருகிறார். அந்த நவிரத்தைத்தான் இன்றைய பருவதமலை என்கிறார்கள். பௌர்ணமிக்குக் கடப்பாறைப் படியில் தொற்றி ஏறுகிறவர்கள் இன்றும் கீழே இறங்குகிறவர்களிடம், “மேல தண்ணி கிடைக்குதாண்ணா? எவ்ளோ நேரம் ஆவும்?” என்று கேட்டுக்கொண்டே போவதை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் ஆற்றுப்படைதான், உரைநடையில்.

அந்தப் பாட்டில் ஓர் இடம் இருக்கிறது. நெருப்பு மாதிரிச் சிவந்த காந்தள் மொட்டு. அதை இறைச்சி என்று நினைத்து ஒரு பருந்து கொத்திக்கொண்டு பறக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் இறைச்சி இல்லை என்று தெரிகிறது, கீழே போட்டுவிடுகிறது. அகன்ற பாறை மேல் சிவப்பு இதழ்கள் சிதறிக் கிடக்கின்றன. பார்ப்பதற்கு, முருகனுக்கு வெறியாடிய களம் மாதிரி இருக்கிறதாம். மொட்டு, பருந்து, பாறை, முருகன், ஆட்டம் எல்லாம் நாலைந்து அடிக்குள். பறவை ஏமாந்த கதைக்கும் கடவுளுக்கும் நடுவில் எந்தத் தடுப்பும் இல்லை. ‘மாநில மலர் எது’ என்ற கேள்வி இந்தப் பாறையிலிருந்து மொட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. காந்தளுக்கு அதற்குப் பிறகும் கதை உண்டு. ஈழத்தில் அதற்குக் கார்த்திகைப்பூ என்று பேர், பூக்கிற மாதத்தை வைத்து. கொங்குப் பக்கம் வயலில் பயிரிடுகிறவர்களுக்குக் கண்வலிக்கிழங்கு. கிழங்கும் விதையும் நஞ்சு. அந்த நஞ்சுக்குள் இருக்கிற கோல்ச்சிசின் மூட்டுவாத மருந்துக்குப் போகிறது. ஜிம்பாப்வேக்கும் இதுதான் தேசிய மலர். ஒன்றரை மதிப்பெண்ணுக்கு இவ்வளவும் தேவையில்லைதான்.

‘மலைபடுகடாம்’ என்ற பெயரே ஒரு காதால் வந்த பெயர். மலையை யானையாக வைத்து, அதில் பிறக்கிற ஓசைகளை மதநீராக வைத்தார் புலவர். அருவி விழுவது, யானை பிளிறுவது, புனம் காப்பவர்கள் கூவுவது, தினை குற்றும் பெண்கள் பாடும் வள்ளைப் பாட்டு, குறவர்கள் குரவை என்று ஓசை ஓசையாக எண்ணிக்கொண்டு போகிறார். வள்ளை அன்றைய வெகுஜனப் பாட்டு. எழுதியவர் பேர் தெரியாது, உலக்கை விழுகிற இடம் தாளம். விளையாட்டும் இந்தப் பட்டியலில் உண்டு. கூட்டத்தைப் பிரிந்து வந்த ஊர்க்காளையும் மலையிலிருந்து இறங்கிய காட்டுக்காளையும் மோதுகின்றன. முல்லை நிலத்துக் கோவலரும் மலைக் குறவரும் ஒன்றாக நின்று ஆரவாரம் செய்கிறார்கள். இரண்டு நிலத்து மக்களை ஒரே சத்தத்தில் சேர்த்தது ஒரு மாட்டுச் சண்டை. விளையாட்டு வர்ணனையில் இவ்வளவு சுருக்கமாக இவ்வளவு சொன்னதை நான் வேறெங்கும் படிக்கவில்லை.

மாட்டைச் சொன்னதும் மாட்டோடு கொஞ்சம் நிற்க வேண்டும். ஜல்லிக்கட்டு என்றால் கைடுகள் அலங்காநல்லூரைச் சொல்லும், பாலமேட்டைச் சொல்லும். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத் தடை, 2017 ஜனவரிப் போராட்டம், அதே ஆண்டு சட்டத் திருத்தம், 2023 மே 18 அன்று அது செல்லும் என்ற தீர்ப்பு, எல்லாம் வரிசையாக இருக்கும். எங்கள் பக்கம் நடப்பது வேறு. இங்கே அது காளை விடும் விழா. தெருவின் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி, ஒரு முனையிலிருந்து மாட்டை ஓட விடுவார்கள். யாரும் திமிலைப் பிடித்துத் தொங்குவதில்லை. குறிப்பிட்ட தூரத்தை எந்த மாடு எத்தனை விநாடியில் கடந்தது என்பதுதான் போட்டி. ஸ்டாப் வாட்சும் மைக்கும் வைத்துக்கொண்டு ஒருவர் மேடையில் விநாடியையும் அதன் பின்னத்தையும் கத்திக்கொண்டிருப்பார். மதுரைக்காரருக்கு வீரம் எப்படியோ அப்படி எங்களுக்கு வேகம். இந்த வித்தியாசம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டத்துச் சின்னப் பையனைக் கேட்டால் மாட்டின் பேரோடு சொல்வான்.

விலங்குக்குப் பேர் வைத்து நினைவில் வைப்பதும் இந்த மண்ணுக்குப் பழசு. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் நிற்கிறது. அதன் பேர் கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்தது என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சேவற்சண்டைச் சேவலுக்கே கல் உண்டு. விளையாட்டு வீரருக்கு நினைவுச் சின்னம் என்ற வழக்கம் எவ்வளவு பின்னால் போகிறது பாருங்கள்.

கபடியிலும் பாட்டு இருந்தது. சடுகுடு ஆடியவர்கள் மூச்சை அடக்க வெறும் ‘கபடி கபடி’ சொன்னதில்லை. ஊருக்கு ஊர் பாட்டு வேறு, எதிரணியைச் சீண்டுகிற வசனம் வேறு. மூச்சு எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு நேரம் பாட்டு. 1990-இல் ஆசிய விளையாட்டுக்கும் 2014-இல் தொலைக்காட்சி லீகுக்கும் போன கபடியில் ரெய்டுக்கு முப்பது விநாடி என்று திரையில் கடிகாரம் ஓடுகிறது. கடிகாரம் வந்த பிறகு பாட்டுக்கு வேலை இல்லை. விதி நியாயமானதுதான், மூச்சை யார் அளப்பது என்ற சண்டை ஓய்ந்தது. பாட்டு போனதில் எனக்கு வருத்தம் உண்டு, அவ்வளவே.

இனி மலைக்கு வருவோம். இவ்வளவு நேரம் அது பொறுமையாக நின்றுகொண்டிருக்கிறது.

பிரம்மா அன்னமாகி முடி தேடினார், திருமால் பன்றியாகி அடி தேடினார், தாழம்பூ பொய்ச்சாட்சி சொல்லிப் பூசையை இழந்தது. கதை எல்லோருக்கும் தெரியும். கதை கட்டியவர்கள் விலங்குகளைக் கவனித்தவர்கள் என்பது மட்டும் பேச்சில் வருவதில்லை. காட்டுப்பன்றி மூக்கால் மண்ணைக் கிளறிக் கிழங்கு தேடுகிற உயிர். தோண்ட வேண்டும் என்றால் அதைவிடப் பொருத்தமான உடம்பு கிடையாது. இலக்கியத்து அன்னம் வரித்தலை வாத்தாக இருக்கலாம் என்று சொல்லும் பறவை ஆர்வலர்கள் உண்டு. அந்த வாத்து இமயமலையைத் தாண்டித் தெற்கே வருகிறது, கூந்தன்குளம் வரைக்கும். 7,000 மீட்டருக்கு மேலே அது பறந்ததைக் கருவி கட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள். உச்சி தேடிப் போக யாரை அனுப்புவது என்று என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் அனுப்பியிருப்பேன்.

அக்னி மலை என்பதால் இது அணைந்த எரிமலை என்று கிரிவலப் பாதையில் பலர் சொல்லக் கேட்கலாம். இந்த வட்டாரத்துப் பாறைகள் சொல்வது வேறு. மாவட்டத்தில் பரவிக் கிடக்கும் சார்னோக்கைட் என்ற பாறை எரிமலை கக்கியதல்ல. பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி, மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து போக வெளியே தெரிந்தது. தமிழ்நாட்டின் இந்தப் பாறைகளுக்கு வயது 250 கோடி ஆண்டு அளவில். இமயம் ஐந்து கோடி ஆண்டுக் குழந்தை. பேருக்கும் ஒரு கதை உண்டு: கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து போன கல் இந்த வகை. அந்தக் கல்லறையை வைத்து 1893-இல் தாமஸ் ஹாலந்து பாறைக்குப் பேர் வைத்தார். நம் வீட்டுப் படிக்கல் சார்னாக்கின் பேரைச் சுமக்கிறது. ஆக, நெருப்பு உண்மை, எரிமலை பொய். புராணம் பாதி மதிப்பெண் வாங்குகிறது.

நெருப்பைச் சொன்னதும் ஓர் ஒளியையும் சொல்ல வேண்டும். 1950 ஏப்ரல் 14 இரவு இங்கே ரமணர் மறைந்தபோது வானில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து மலைக்குப் பின்னால் போனதைப் பார்த்தவர்களில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோனும் ஒருவர். அந்த நாட்களில் அவர் ஆசிரமத்தில் இருந்தார். பக்தர்களுக்கு அது ஜோதி, வானவியலாருக்கு எரிகல். படம் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர் பார்த்தார், படமாகக் கிடைக்கவில்லை.

2024 டிசம்பரின் முதல் பாதியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் மாலை, மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். ஊர் அதிர்ந்து போனது. இறைவன் உடம்பே மலை என்று சுற்றி வருகிற ஊரில், அந்த மலையே சரிந்தால் என்ன சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நிலவியல் வல்லுநர்கள் வந்து ஆராய்ந்தார்கள். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. கொப்பரையும் நெய்யும் திரியும் சுமக்கிறவர்களோடு சரி. டிசம்பர் 12 மாலை சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் குகேஷ் உலக சதுரங்க வெற்றியாளர் ஆனார். மறுநாள் டிசம்பர் 13 மாலை, வழக்கம் போலப் பர்வதராஜ குலத்தார் தீபம் ஏற்றினார்கள். மீன்பிடித் தொழில் வழிவந்த குலத்துக்கு மலையுச்சியில் உரிமை. 15-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஜாகீர் உசேன் மறைந்தார். வேங்கிக்கால் டீக்கடையில் அந்தப் பதினைந்து நாளும் பேச்சு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தது: மண்ணில் எவ்வளவு தண்ணீர் ஏறினால் பாறை உருளும், குகேஷுக்கு எவ்வளவு பணம், தீபம் பதினொரு நாளும் நின்று எரியுமா, விக்கு விநாயகராமின் கடமும் ஜாகீரின் தபலாவும் சேர்ந்த ‘சக்தி’ குழு. அடுத்த ஆண்டு கைடுகளில் இவை நாலு வெவ்வேறு பக்கங்களுக்குப் போய்விட்டன.

சினிமாப் பாட்டு எந்தப் பக்கத்துக்கும் போகவில்லை. தமிழனுக்கு உண்மையிலேயே பொதுவான அறிவு என்று ஒன்று உண்டானால் அது அதுதான். அந்த டீக்கடைக்காரர் முதல் நாலு விநாடி கிடாரைக் கேட்டதும் படம், பாடியவர், அது எந்த வருஷத் தீபாவளிக்கு வந்தது, எந்தத் தியேட்டரில் பார்த்தார் என்று வடிகட்டியை இறக்காமலே சொல்லுவார். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது பரம்பரைச் சொத்து. அங்கிருந்து வந்த பி. எச். அப்துல் ஹமீது சன் டிவியில் ‘பாட்டுக்குப் பாட்டு’ நடத்தியபோது வீடு முழுக்கப் போட்டியாளர்கள் ஆனார்கள். பள்ளித் தமிழ்ப் புத்தகத்தில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்துக்கும் உடுமலை நாராயணகவிக்கும் இடம் கிடைத்தது. திண்டில் கேட்கும் கேள்விகளில் மெட்டுப் போட்டவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். காகிதத்தில் அச்சாவது அறிவு, காற்றில் போவது பொழுதுபோக்கு என்ற பழைய நினைப்பு. வள்ளைப் பாட்டைப் பாட்டுக்குள் வைத்த பெருங்கௌசிகனாருக்கு அந்த நினைப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

காற்றில் போன பாட்டுக்கு இன்னோர் உதாரணமும் இங்கேயே உண்டு. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இந்த ஊரில் என்பது மரபு. கிரிவலப் பாதையில் அடிஅண்ணாமலையில் அவருக்குக் கோயில் இருக்கிறது. விடியற்காலையில் பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக்கொண்டு நீராடப் போகிற விளையாட்டுப் பாட்டு அது. கடல் தாண்டிச் சயாமுக்குப் போய், பாங்காக்கில் மாபெரும் ஊஞ்சல் ஆடிய ஒரு விழாவுக்கு ‘திரியம்பாவாய்’ என்ற பேரைத் தந்தது. ஊஞ்சல் ஆட்டம் 1930களில் நின்றுவிட்டது, சிவப்புத் தூண்கள் மட்டும் நிற்கின்றன. 2005-இல் இளையராஜா புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவை வைத்துத் திருவாசகத்துக்கு இசையமைத்தார். மார்கழிக் குளிரில் இங்கே தொடங்கிய குரல் எங்கெங்கே போய்விட்டு வந்திருக்கிறது.

போன மாதம் திண்டில் இருந்த அந்தப் பிள்ளைகளிடம் காந்தள் மொட்டின் கதையைச் சொன்னேன். கேள்வி கேட்கும் அந்தப் பெண் நோட்டைத் திறந்தாள்.

“மலைபடுகடாம் எத்தனை அடி சார்?”

“ஐந்நூற்று எண்பத்து மூணு.”

“பாட்டுடைத் தலைவன்?”

“நன்னன் சேய் நன்னன்.”

எழுதிக்கொண்டாள். பேனாவை மூடினாள். சாலைக்கு அந்தப் பக்கம் வேங்கிக்கால் ஏரி மழைக்குப் பிறகு நிறைந்து, கோடி போகிற மாதிரி ததும்பிக்கொண்டிருந்தது. ஏரிக்கு மேலே ஒரு பருந்து வட்டம் போட்டது. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், மொட்டைக் கீழ போட்டுடுச்சு இல்ல, அந்தப் பருந்து அப்புறம் என்னா சாப்ட்டுச்சு?”

நாலு விடையும் இல்லாத கேள்வி. “அஞ்சாவது வட்டம்மா” என்றேன்.